பேத்திக்கு உடை மாற்ற இடம் கேட்கும் ஆயாவுக்கு

வாசகர் கடிதம்:

"டர்பன், சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். வயது 64. என் மகளுக்கு ஜோஹன்னஸ்பர்க்கில் வேலை. அவள் பிள்ளை 5 வயதிலிருந்து என்னிடம்தான் வளர்கிறாள். இப்போது 14, கிரேட் 9. பிறந்தபோது ஆண் என்று பதிவு செய்தோம். இரண்டு வருஷமாகத் தான் பெண்தான் என்று சொல்கிறாள். முதலில் எனக்கு ஒன்றும் புரியவில்லை, அழுதேன். இப்போது பேத்தி என்றே கூப்பிடுகிறேன். கிளாஸ் டீச்சர் நல்லவர், அவரும் அப்படியே நடத்துகிறார். பி.டி. நாளில்தான் பிரச்சினை. பையன்கள் உடை மாற்றும் அறைக்கு அனுப்பினார்கள். அங்கே டவலைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். ஒருவன் ஃபோனைத் தூக்கிப் பிடித்திருக்கிறான். பெண் பிள்ளைகள் அறையைக் கேட்டோம். பிரின்சிபல் அதைப் பெற்றோர் கூட்டத்தில் பேரைச் சொல்லியே பேசிவிட்டார், சிலர் எதிர்த்தார்கள். இப்போது பந்தும் வலையும் போட்டு வைக்கும் ஸ்டோர் ரூமில் மாற்றச் சொல்கிறார்கள். அதற்கு உள்தாழ்ப்பாள் இல்லை. 'பர்த் சர்டிஃபிகேட்டில் ஆண் என்று இருக்கிறது, கஷ்டமாக இருந்தால் பி.டி.யிலிருந்து விலக்குத் தருகிறோம்' என்கிறார் பிரின்சிபல். வேறு பள்ளியில் சேர் என்கிறான் என் மகன். எதிர்த்த பெற்றோர் எல்லாம் நான் கோயிலில் பார்த்துப் பழகியவர்கள். நான் அம்மாகூட இல்லை, ஆயாதான். கேட்கலாமா? கேட்டால் எடுபடுமா?"

பதில்:

அன்புள்ள அம்மா,

கேட்கலாம். எடுபடும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்களைத் தூங்கவிடாமல் செய்வது இந்த இரண்டு சந்தேகமும்தான் என்று கடிதத்தைப் படித்தாலே தெரிகிறது. இந்த ஊர்ப் பள்ளிகளில் பிள்ளைகளோடும் பெற்றோரோடும் உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலை. திருநர் பிள்ளைகள் வீட்டில் யாராவது ஒருவர் "நான் இருக்கேன்" என்று உறுதியாக நின்றுவிட்டால் மற்றதெல்லாம் மெல்ல மெல்லச் சரியாவதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் பேத்திக்கு அந்த ஒருவர் கிடைத்துவிட்டார்.

அறை விஷயத்துக்குப் போகும் முன் அந்த ஃபோன். கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள். எனக்கு மற்ற எல்லாவற்றையும்விட அதுதான் அவசரம். 14 வயதுப் பிள்ளை உடை மாற்றும்போது படம் எடுப்பதும், எடுத்ததைப் பரப்புவதும் தென்னாப்பிரிக்காவில் குற்றம். 2007-ஆம் ஆண்டின் பாலியல் குற்றச் சட்டத் திருத்தத்தின் கீழ் வரலாம், 2021 டிசம்பரில் அமலுக்கு வந்த சைபர் குற்றச் சட்டத்தின் கீழும் வரலாம். அந்தப் பையன் உண்மையிலேயே படம் எடுத்தானா, சும்மா மிரட்டினானா என்று உங்களுக்கு இன்னும் தெரியாது. பள்ளி இதுவரை விசாரித்திருக்க வேண்டும். நாளைக்கே எழுத்தில் கேளுங்கள்: அன்று என்ன நடந்தது, ஃபோனில் படம் இருக்கிறதா, யாருக்காவது போனதா, அந்தப் பையனின் பெற்றோரை அழைத்துப் பேசினீர்களா? படம் யாருக்காவது போயிருந்தால், போலீஸில் குழந்தைகள் மீதான குற்றங்களைப் பார்க்கும் எஃப்.சி.எஸ். பிரிவுக்குப் போக வேண்டும். யாராவது உங்களுக்கே அந்தப் படத்தை அனுப்பினால், தயவுசெய்து "பாருங்க என்ன செய்திருக்கான்" என்று இன்னொருவருக்கு அனுப்பாதீர்கள், மகனுக்குக்கூட வேண்டாம். ஃபோனை அப்படியே கொண்டுபோய்ப் போலீஸில் காட்டுங்கள்.

ஒரு சின்னப் பையனை ஜெயிலுக்கு அனுப்ப உங்களுக்கு மனசு வராது என்று தெரியும். எனக்கும் வராது. 2008-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் இப்படிப்பட்ட பிள்ளைகளைக் கோர்ட்டுக்கு வெளியிலேயே திருத்தி அனுப்ப வழி வைத்திருக்கிறது. அவன் வாழ்க்கை பாழாகிவிடுமோ என்ற பயத்தில் நீங்கள் வாயை மூடிக்கொள்ள வேண்டாம். சொல்லாமல் விட்டால், அவன் செய்தது சரிதான் போல என்று அவனுக்கும் தோன்றிவிடும், உங்கள் பேத்திக்கும் தோன்றிவிடும்.

அடுத்தது, இன்று சாயங்காலம் அவள் பள்ளியிலிருந்து வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நீங்கள் நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வருகிறதா? வந்ததும் பையைப் போட்டுவிட்டு நேராகப் பாத்ரூமுக்கு ஓடுகிறாளா? பி.டி. நாளில் யூனிஃபார்முக்கு உள்ளேயே டி-ஷர்ட்டும் ஷார்ட்ஸும் போட்டுக்கொண்டு போகிறாளா? உடை மாற்றவும் ஒதுங்கவும் பயப்படுகிற பிள்ளைகள் இதைத்தான் செய்கிறார்கள். டாய்லெட் பக்கம் போகக் கூடாதென்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள். பிப்ரவரி மாத டர்பன் வெயிலில், இரண்டு அடுக்குத் துணியோடு, ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாமல் ஓடினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தலைவலி, மயக்கம், நீர்க்கடுப்பு, மலச்சிக்கல் எல்லாம் வரும். இப்படி ஏதாவது இருந்தால் குடும்ப டாக்டரிடம் காட்டி, அவர் சொன்னதை எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் "மனசு கஷ்டப்படுகிறது" என்று சொன்னால் தலையாட்டிவிட்டுப் போகிறவர்கள், "பள்ளியில் எட்டு மணி நேரம் ஒதுங்காமல் இருந்து நீர்க்கடுப்பு வந்திருக்கிறது" என்று காகிதத்தில் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, இப்போது அறை. கடிதத்தில் எல்லாரும் பேசுகிறார்கள்: பிரின்சிபல், மகன், எதிர்த்த பெற்றோர், நீங்கள். அவள் மட்டும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அவளுக்கு எந்த இடம் வேண்டும்? இதை அவளிடம் கேளுங்கள். முகத்துக்கு நேராக உட்காரவைத்து விசாரணை மாதிரிக் கேட்டால் "எதுவும் வேண்டாம், விடுங்க ஆயா" என்றுதான் பதில் வரும். கறிவேப்பிலை ஆயும்போதோ, டாக்ஸிக்குக் காத்து நிற்கும்போதோ, வேறு வேலை நடுவில் கேளுங்கள். நான் பார்த்த பிள்ளைகளில் சிலர் மற்ற பெண் பிள்ளைகளோடு ஒரே அறையில், ஆனால் கதவு போட்ட தடுப்புக்குள் மாற்றிக்கொள்ள ஆசைப்பட்டார்கள். சிலருக்கு யார் கண்ணிலும் படாத தனி அறைதான் நிம்மதி. சிலர் இந்த டேர்முக்கு இது, அடுத்த டேர்முக்குப் பார்க்கலாம் என்றார்கள். மூன்றும் சரியே. அவள் சொல்வதைத்தான் நீங்கள் கூட்டத்தில் கேட்க வேண்டும். நம் மனசுக்கு எது நியாயமாகப் படுகிறதோ அதைக் கேட்டு வாங்கிவிட்டு, கடைசியில் அவள் அங்கே போகாமல் நின்றால் யாருக்கும் பயனில்லை.

அவள் தனி அறைதான் வேண்டுமென்றால், அந்த அறை எப்படி இருக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லலாம். உள்ளே தாழ்ப்பாள் வேண்டும். மைதானத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். பள்ளியின் அந்தக் கோடியில் இருந்தால் ஒவ்வொரு வாரமும் தாமதமாக வந்து டீச்சரிடம் திட்டு வாங்குவாள். சாவி விஷயத்தையும் கவனியுங்கள். ஆபீஸில் நாலு பேர் நிற்கும்போது "மிஸ், அந்த ரூம் சாவி" என்று வாராவாரம் கேட்க வைத்தால், அதுவே அவமானம். சாவி பி.டி. டீச்சரிடம் இருக்கட்டும், அல்லது அவளிடமே ஒன்று இருக்கட்டும். பந்துகளுக்கும் வலைகளுக்கும் நடுவே, எந்த நேரமும் யாரும் திறக்கக்கூடிய ஸ்டோர் ரூம் உடை மாற்றும் இடமே ஆகாது. வேறு எந்தப் பிள்ளையையாவது அந்தப் பள்ளி அங்கே போய் உடை மாற்றச் சொல்லுமா?

பெண் பிள்ளைகள் அறைதான் வேண்டும் என்று அவள் சொன்னால், அதையே கேளுங்கள். என் கருத்து இதில் தெளிவாக இருக்கிறது: அவள் பெண்ணாக வாழ்கிறாள், அங்கே போகலாம். கூடவே அந்த அறையில் இரண்டு மூன்று தடுப்புகளுக்குக் கதவோ திரையோ போடச் சொல்லுங்கள். அவற்றை அங்கே வரும் எந்தப் பிள்ளையும் பயன்படுத்தலாம். அவளோடு ஒரே அறையில் மாற்றக் கூச்சப்படும் பெண் பிள்ளை இருந்தால், அந்தப் பிள்ளைக்கும் தனி இடம் கொடுக்க வேண்டும், முகம் சுளிக்காமல், காரணம் கேட்காமல். 13, 14 வயதில் எந்தப் பிள்ளைதான் எல்லார் முன்னாலும் உடை மாற்ற விரும்புகிறது? மார்பு வளர்வதைப் பற்றிக் கூச்சப்படுகிறவள், உடம்பில் தீக்காயத் தழும்பு உள்ளவள், மாதவிடாய் வந்திருப்பவள், பருமனாக இருப்பதால் கிண்டலுக்கு ஆளாகிறவள், எல்லாருமே அந்தத் திரைக்குப் பின்னால் நிற்கத்தான் போகிறார்கள். இந்தப் பள்ளிகளில் பலவற்றைக் கட்டியபோது பிள்ளைகளுக்கும் தனிமை தேவை என்று யாரும் யோசிக்கவில்லை. ஒரே கூடம், சுவரோரம் ஒரு பெஞ்ச், அவ்வளவுதான்.

இதைவிடச் சுலபமான வழியும் ஒன்று உண்டு, பல பள்ளிகளில் ஏற்கெனவே நடக்கிறது. பி.டி. இருக்கும் நாளில் வகுப்பு முழுவதும் காலையிலேயே பி.டி. உடையில் வந்துவிடலாம். யாரும் எங்கேயும் மாற்ற வேண்டாம். உங்கள் பேத்தி மட்டும் அப்படி வரட்டும் என்று பள்ளி சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். எல்லாருக்கும் என்றால் நல்லது. நீச்சல் இருக்கும் நாட்களுக்கு மட்டும் வேறு ஏற்பாடு தேவைப்படும். அப்போது தாழ்ப்பாள் போட்ட தடுப்பு கட்டாயம் வேண்டும், நீச்சல் உடையையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். ஷார்ட்ஸும் முழுக்கை மேல்சட்டையும் போட்டு நீந்துவது இங்கே ஒன்றும் புதிதில்லை, முஸ்லிம் பிள்ளைகளுக்கு எத்தனையோ பள்ளிகள் அதற்கு இடம் கொடுத்திருக்கின்றன.

பி.டி.யிலிருந்து விலக்கு என்பதை மட்டும் ஏற்காதீர்கள். கேட்பதற்கு இரக்கம் போலத் தெரியும். லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்கு வாரம் இரண்டு மணி நேரம், அதில் பாதி உடற்கல்வி, அதற்கு மார்க்கும் உண்டு. தொந்தரவு செய்தது மற்றவர்கள், மார்க் இழப்பது இவளா? அதோடு, வகுப்பே மைதானத்தில் ஓடும்போது தனியாக லைப்ரரியில் உட்கார்ந்திருக்கிற பிள்ளையைப் பற்றி மற்றப் பிள்ளைகள் என்ன நினைப்பார்கள்? அவளே தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொள்வாள்?

இனி சட்டம். "ஆயாதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிச் சட்டம், பெற்றவர்களை மட்டும் பெற்றோர் என்று சொல்லவில்லை. ஒரு பிள்ளையின் படிப்புக்கான பொறுப்பைப் பெற்றோர் இடத்தில் நின்று ஏற்றுக்கொண்டவரையும் பெற்றோர் என்றுதான் வைத்திருக்கிறது. ஒன்பது வருஷமாக ஃபீஸ் கட்டி, ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டு வருகிறவர் நீங்கள். இருந்தாலும் மகளிடமிருந்து, "என் அம்மா என் சார்பில் பேசுவார்" என்று இரண்டு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாக்குவாதத்துக்கு இடமிருக்காது.

பர்த் சர்டிஃபிகேட்டைப் பற்றிப் பிரின்சிபல் சொல்வது, வேறு சட்டத்தை இங்கே கொண்டுவந்து ஒட்டுவது. சிகிச்சை பெற்றவர்கள் தங்கள் ஆவணத்தில் பால் விவரத்தை மாற்ற ஹோம் அஃபேர்ஸ் என்ற உள்துறையில் விண்ணப்பிப்பதற்கு 2003-இல் ஒரு சட்டம் வந்தது. அந்த ஆவணம் மாறும்வரை ஒரு பிள்ளையை எப்படி வேண்டுமானாலும் நடத்தலாம் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அரசியல் சட்டத்தின் 9-ஆவது பிரிவு பால், பாலினம் இரண்டின் பேரிலும் நியாயமற்ற பாகுபாட்டைத் தடுக்கிறது. 10-ஆவது பிரிவு கண்ணியம், 14 அந்தரங்கம், 29 கல்வி. 28-ஆவது பிரிவின்படி பிள்ளையின் நலன்தான் எல்லாவற்றுக்கும் மேல். 2019-இல், பாகுபாட்டு வழக்குகளை விசாரிக்கும் வெஸ்டர்ன் கேப் ஈக்வாலிட்டி கோர்ட், ஆண்கள் சிறையில் இருந்த ஒரு திருநங்கை தன்னைப் பெண்ணாக வெளிப்படுத்திக்கொள்வதைத் தடுத்தது பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. சிறைக் கைதிக்கே அந்த உரிமை இருக்கும்போது பள்ளிப் பிள்ளைக்கு இல்லாமல் போகுமா?

உங்களுக்கு நெருக்கமான தீர்ப்பு இன்னொன்று. டர்பனில் நம்மவர் வீட்டுப் பெண் ஒருத்தி மூக்குத்தி போட்டுக்கொண்டு பள்ளிக்குப் போனாள், பள்ளி கழற்றச் சொன்னது, நினைவிருக்கும். அந்தக் குடும்பப் பெயரை வைத்து 'பிள்ளை (Pillay) வழக்கு' என்று ஊரெல்லாம் பேசினார்கள். பள்ளியின் விதியில் நகைக்கு இடமில்லை, எல்லாருக்கும் ஒரே விதி என்றது பள்ளி. அந்தக் குடும்பத்தில் பெண் வயதுக்கு வந்ததும் மூக்குக் குத்துவது, 16 வயதில் தங்கத்தை எடுத்துவிட்டு ஆயா வைரம் வைத்துத் தருவது என்ற வழக்கத்தை அந்த அம்மா கோர்ட்டில் எடுத்துச் சொன்னார். வழக்கு டர்பன் ஈக்வாலிட்டி கோர்ட்டில் தோற்றது, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் ஜெயித்தது, 2007-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் வரை போய் அங்கேயும் ஜெயித்தது. தலைமை நீதிபதி லாங்கா எழுதிய அந்தத் தீர்ப்பில் உங்களுக்கு வேண்டியவை இரண்டு இருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே விதி என்று சொல்வதாலேயே அந்த விதி நியாயமாகிவிடாது, ஒரு பிள்ளை தானாக இருப்பதற்காகப் பாதிக்கப்பட்டால் பள்ளி கொஞ்சம் வளைந்து கொடுக்கத்தான் வேண்டும். அப்புறம், அந்தப் பெண் மூக்குத்தியை அனுமதிக்கும் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாமே என்ற வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை. உங்கள் மகன் சொல்வதும் அதே வாதம்தான்.

பள்ளியில் திருநர் பிள்ளையைப் பற்றியே வந்த தீர்ப்பும் உண்டு. லிம்போபோவில் நாரே ம்ஃபெலா என்பவர் பள்ளியில் படித்தபோது பிரின்சிபல் தன்னைத் துன்புறுத்தினார் என்று செஷெகோ ஈக்வாலிட்டி கோர்ட்டுக்குப் போனார், ஜெயித்தார், நஷ்ட ஈடும் வாங்கினார். இதைப் பள்ளியில் எடுத்த எடுப்பிலேயே சொல்லி மிரட்ட வேண்டாம். அவர்கள் வழிக்கு வராவிட்டால் சாட்ஸ்வொர்த் மாஜிஸ்திரேட் கோர்ட்டே ஈக்வாலிட்டி கோர்ட்டாகவும் இருக்கிறது என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, படிவத்தை நிரப்பக் குமாஸ்தா உதவுவார். முதல் பார்வையில் பாகுபாடு என்று தெரிந்துவிட்டால், அப்படி இல்லை என்று நிரூபிக்க வேண்டியது பள்ளியின் பொறுப்பு. டர்பனிலேயே சட்ட உதவி செய்யும் லீகல் ரிசோர்சஸ் சென்டர் இருக்கிறது, மனித உரிமை ஆணையத்தின் மாகாண அலுவலகமும் இருக்கிறது.

"எங்களிடம் இதற்குப் பாலிசி இல்லை" என்றும் சொல்லலாம். பள்ளிச் சட்டத்தில் உடை மாற்றும் அறை பற்றி ஒரு வரிகூட இல்லைதான். 2022-இல் கல்வித் துறை பாலினப் பன்மை உள்ள பிள்ளைகளைப் பள்ளியில் எப்படி நடத்துவது என்று ஒரு வழிகாட்டி வரைவைச் சுற்றுக்கு விட்டது. ஊரெல்லாம் ஆண், பெண் எல்லாருக்கும் பொதுவான டாய்லெட்டைப் பற்றித்தான் சண்டை போட்டார்கள், அந்தப் பிள்ளைகளை யாரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. எனக்கு அதில் இன்னும் வருத்தம் உண்டு. பாலிசி இல்லையென்றால் ஒன்றை எழுதலாம். பள்ளி விதிகளை எழுதுவது கவர்னிங் பாடி என்ற பள்ளி நிர்வாகக் குழு, அதில் ஓட்டுரிமை உள்ளவர்களில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அந்தப் பெற்றோர் பிரதிநிதிகளில் ஒருவரையாவது கூட்டத்துக்கு முன்பே பார்த்துப் பேசுங்கள்.

கூட்டத்தில் அவள் பேரைச் சொன்னது தப்பு. ஒரு பிள்ளையின் உடம்பு, பிறப்புப் பதிவு பற்றிய விவரத்தை மற்றப் பெற்றோர் முன்னால் போட்டு உடைக்கப் பள்ளிக்கு உரிமை இல்லை. போப்பியா என்று நாம் சொல்கிற தகவல் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் விவரங்களுக்குத் தனியாகவே காவல் போட்டிருக்கிறது. இனி அப்படி நடக்காது என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.

கோயிலில் பார்க்கிறவர்களைப் பற்றி. அவர்களில் பலர் கெட்டவர்கள் இல்லை, பயந்தவர்கள். தங்கள் பெண் பிள்ளையின் பாதுகாப்பைப் பற்றி ஒரு தாய் பயப்படுவதை நான் கேலி செய்ய மாட்டேன், நீங்களும் செய்ய வேண்டாம். ஆனால் அந்தப் பயத்தைத் தீர்க்க உங்கள் பேத்தியை வெளியே நிறுத்த வேண்டியதில்லை. அறைக்குள் ஃபோன் கூடாது, யாரும் யாரையும் உற்றுப் பார்க்கவோ தொடவோ கூடாது, வெளியே ஒரு டீச்சர் நிற்க வேண்டும் என்ற விதிகள் இருந்தால் எல்லாப் பெண்களுக்கும் பாதுகாப்பு. இதுவரை நடந்த சம்பவத்தில் டவலை இழந்து நின்றது யார் என்றும் அவர்களுக்கு நினைவூட்டலாம். யாராவது வந்து துருவிக் கேட்டால், "என் பேத்தி உடம்பைப் பற்றி நான் யாரிடமும் பேச மாட்டேன். உங்க பிள்ளைக்கும் கதவு வேணும், என் பிள்ளைக்கும் கதவு வேணும், வாங்க ரெண்டு பேரும் சேர்ந்து பிரின்சிபலிடம் கேட்கலாம்" என்று சொல்லுங்கள். அர்த்தநாரீஸ்வரர், அரவான் என்று புராணத்தை இழுத்து மல்லுக்கட்ட வேண்டாம். உடை மாற்ற ஒரு இடம் கேட்பதற்குப் புராண ஆதாரம் எதற்கு? எல்லாரையும் மாற்ற வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கூட்டத்தில் உங்கள் பக்கத்தில் உட்கார ஒருவர் கிடைத்தால் போதும்.

உங்கள் மகன் வேறு பள்ளி என்று சொல்வது கோபத்தில் இல்லை, உடன்பிறந்தவள் மகளுக்கு அடிபடக் கூடாதே என்ற கவலையில் என்றுதான் எனக்குப் படுகிறது. அவரிடம் சண்டை போடுவதைவிட, கூட்டத்துக்குக் கூட்டிப் போங்கள். தாய்மாமன் என்று ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாலே பள்ளி பேசும் விதம் மாறும், அவருக்கும் விஷயம் நேரடியாகத் தெரியும். பள்ளி மாறுவதே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அடி, மிரட்டல் தொடர்ந்து, பள்ளி கையைக் கட்டிக்கொண்டு நின்றால், அவளும் போக விரும்பினால், மாற்றுங்கள். அது உங்கள் தோல்வி ஆகாது. ஆனால் இங்கே ஒரு நல்ல கிளாஸ் டீச்சர் இருக்கிறார், அவளுக்குத் தோழிகளும் இருப்பார்கள். புதிய பள்ளியிலும் பி.டி. உண்டு, அங்கேயும் ஒரு உடை மாற்றும் அறை உண்டு.

அவளுடைய மனசையும் கவனித்துக்கொண்டே இருங்கள். சாப்பாடு குறைவது, அறையைவிட்டு வராமல் இருப்பது, பிடித்த பொருட்களை மற்றவர்களுக்குக் கொடுப்பது, "நான் இல்லாமல் இருந்தால் எல்லாருக்கும் நிம்மதி" என்பது போலப் பேசுவது, இதில் எதைப் பார்த்தாலும் தள்ளிப்போடாதீர்கள். "செத்துப்போகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. பிள்ளைகளுக்கான உதவி எண்ணான சைல்ட்லைன் 116 இலவசம், அவளே கூப்பிடலாம். தற்கொலை எண்ணத்துக்கான உதவி எண் 0800 567 567. இரண்டையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வையுங்கள், யாருக்கு என்று சொல்ல வேண்டாம்.

இந்த வாரம் செய்ய வேண்டியது ஒரு கடிதம். பிரின்சிபலுக்கு ஒன்று, அதே பிரதி கவர்னிங் பாடித் தலைவருக்கு. கோபம் இல்லாமல், ஒரு பக்கத்துக்குள், தேதி போட்டு எழுதுங்கள். ஃபோன் சம்பவம் எந்த நாள் நடந்தது, இப்போது எங்கே மாற்றுகிறாள், தாழ்ப்பாள் இல்லை, அவள் கேட்பது என்ன, அதுவரை இடைக்கால ஏற்பாடு என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள் பதில் வேண்டும் என்பதை எழுதுங்கள். இரண்டு வாரம் கொடுத்தால் போதும். ஆபீஸில் கொடுக்கும்போது இன்னொரு பிரதியில் ஸ்டாம்ப் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் அந்த ஸ்டாம்ப் போட்ட பிரதியோடு மாவட்டக் கல்வி அலுவலகத்துக்குப் போங்கள். கூட்டத்தில் அவளும் இருக்க வேண்டுமா என்று அவளிடமே கேளுங்கள். வேண்டாம் என்றால், என்ன பேசினோம் என்று வீட்டுக்கு வந்து ஒன்றுவிடாமல் சொல்லுங்கள்.

எழுதி முடித்ததும் அனுப்பும் முன் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள், பார்த்துத் தருகிறேன். தமிழில் எழுதினாலும் பரவாயில்லை, இங்கிலீஷில் நானே போட்டுத் தருகிறேன். கூட்டத்துக்கு நாள் குறித்ததும் சொல்லுங்கள். நீங்களும் அவளும் விரும்பினால் அன்று நானும் உங்களோடு வருகிறேன்.